டஸ்கனி கிராமத்து உணவகத்தில் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி: இடம் தேடுவது முதல் பில் கட்டுவது வரை

இத்தாலியின் டஸ்கனிக்கு முதல் முறை போனபோது, மதியம் மூன்றே கால் மணிக்கு நானும் என் மனைவியும் ஒரு மலையூரில் பசியோடு நின்றோம். ஊரில் மொத்தம் நான்கு உணவகங்கள். நான்கிலும் நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்திருந்தன. ஒன்றின் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், சாப்பிடுவதுபோல் கையால் சைகை காட்டினேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏழு விரல்களைக் காட்டினார். எட்டாவது விரலைப் பாதி மடக்கினார். ஏழரைக்கு வா என்று அர்த்தம். அன்று மதியச் சாப்பாடு, பெட்ரோல் பங்க்கில் வாங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ்.

இரவு அதே இடத்துக்குப் போனோம். அந்த அம்மாதான் பரிமாறினார், அவர் கணவர் உள்ளே சமைத்தார். பட்டியல் என்பது சுவரில் ஒரு கரும்பலகை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பயணங்களில் இந்த மாதிரி இடங்களில் நிறையச் சாப்பிட்டாயிற்று. புரிந்தது இதுதான்: நடத்துவது உணவகம் என்றாலும், ஒழுங்கு வீட்டு ஒழுங்கு. நேரத்துக்குப் போகவேண்டும், வாசலில் வணக்கம் சொல்லவேண்டும், இன்று என்ன சமையல் என்று கேட்கவேண்டும், வரிசைப்படி சாப்பிடவேண்டும். காசு கொடுக்கிறோம், கேட்டது வரும் என்று உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் எரிச்சல்தான். விருந்துக்குப் போவதுபோல் போனால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

பெயர்ப்பலகையைப் படிப்பது

‘ரிஸ்டொரான்டே’ என்றால் வெள்ளை மேஜை விரிப்பு, சீருடை, கொஞ்சம் கூடுதல் விலை. ‘ட்ரட்டோரியா’ என்றால் குடும்பம் நடத்தும் வீட்டுச் சமையல். ‘ஓஸ்டெரியா’ ஒரு காலத்தில் ஒயின் மட்டும் ஊற்றிக் கொடுத்த இடம். சாப்பாட்டை அவரவர் பொட்டலமாகக் கொண்டுவருவார்கள். இன்று அதுவும் ட்ரட்டோரியா மாதிரிதான். ஆனால் இந்தப் பெயர்களை முழுதாக நம்பிவிடாதீர்கள். ஓஸ்டெரியா என்று பலகை மாட்டிக்கொண்டு ஐந்து நட்சத்திர விலை வாங்கும் இடங்கள் உண்டு, அவற்றில் சில உலகப் புகழ் பெற்றவை.

‘அக்ரிடூரிஸ்மோ’ மட்டும் சட்டப்படியான பெயர். விவசாயம் செய்பவர் தன் பண்ணையிலேயே தங்க இடமும் சாப்பாடும் தருவது. 1985-இல் முதல் தேசியச் சட்டம் வந்தது, 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள். பரிமாறுவதில் பெரும்பகுதி சொந்தப் பண்ணையிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ வரவேண்டும். காரோடு போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பெரும்பாலும் இரவுக்கு ஒரே சாப்பாடு, ஒரே விலை, எல்லோருக்கும் ஒன்றே. காலையில் சொல்லி வைக்காமல் போனால் உங்களுக்குச் சோறு, அதாவது பாஸ்தா, இருக்காது.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டியல் சின்னதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நான்கைந்துதான், கையால் எழுதியது, அதுவும் இத்தாலிய மொழியில் என்றால் தைரியமாக நுழையலாம். மதியத்தில் வாசலில் தொழிலாளிகளின் வேன்கள் நின்றால் இன்னும் நல்லது. உள்ளூர்ப் பாரம்பரிய உணவைக் காக்க இத்தாலியில் தொடங்கிய ஸ்லோ ஃபுட் இயக்கம் வருடாவருடம் ஓஸ்டெரியாக்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் சிலவற்றுக்கு நத்தைச் சின்னம் தருகிறது. கண்ணாடிக் கதவில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் நின்று பாருங்கள்.

தவிர்க்கவேண்டியதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். வாசலில் ஒருவர் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பது. உணவின் வண்ணப்படங்கள். ஆறு மொழிகளில் பட்டியல். பேராலயத்துக்கு நேர் எதிரே, நாள் முழுக்கத் திறந்திருக்கும் சமையலறை. கடலிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மலையூரில் பட்டியலின் பாதி கடல் உணவு. இவற்றில் இரண்டு பொருந்தினாலே அடுத்த சந்துக்கு நடங்கள். பெரும்பாலும் அடுத்த சந்திலேயே கிடைத்துவிடும்.

நேரம், முன்பதிவு

மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. இரவு ஏழரை முதல் பத்து, பத்தரை வரை. நடுவில் சமையலறை மூடியிருக்கும், கெஞ்சினாலும் திறக்காது. இடையில் பசித்தால் ‘பார்’ என்று எழுதிய கடைக்குள் போங்கள். நம் ஊர் பார் இல்லை. காபியும் ரொட்டி சாண்ட்விச்சும் கிடைக்கும் இடம், குழந்தைகளோடு போகலாம்.

வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும். அது எந்தக் கிழமை என்பது கடைக்குக் கடை மாறும்; ஞாயிறு இரவும் திங்களும் மூடுவது அதிகம். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை, ‘ஃபெர்ரகோஸ்டோ’. அதைச் சுற்றி நகரங்களில் பல குடும்ப உணவகங்கள் ஒன்றிரண்டு வாரம் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில் பயணம் வைத்தால் ஒவ்வொன்றையும் போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் முன்பதிவு கட்டாயம். ஞாயிறு மதியம் என்பது தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை மொத்தக் குடும்பமும் வரும் நேரம். தங்கும் விடுதியில் சொன்னால் அவர்களே போன் செய்துவிடுவார்கள், அதுதான் எளிது. நீங்களே பேசுவதானால் பெயரைச் சுருக்கிக் கொடுங்கள். பாலசுப்பிரமணியன் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி நான் ஒரு முறை நான்கு நிமிடம் போராடினேன். கடைசியில் மேஜையில் இருந்த சீட்டில் ‘பாலா’ என்றுகூட இல்லை, ‘இந்தியா, 2’ என்று இருந்தது.

ஏழரை மணிக்கே போய் உட்காருபவர்கள் வெளிநாட்டுக்காரர்கள்தான். உள்ளூர்க்காரர்கள் எட்டு, எட்டரைக்கு வருவார்கள். மேஜையைப் பிடித்துவிட்டால் சின்ன ஊர்களில் இரவு முழுக்க அது உங்களுடையது. அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று யாரும் கிளப்பமாட்டார்கள். அதற்காக ஒதுக்கவேண்டிய நேரம் இரண்டு மணி. அவசரமாக ரயில் பிடிக்கவேண்டிய நாளில் ட்ரட்டோரியா வேண்டாம்.

வாசலில்

உள்ளே நுழைந்ததும் ‘புவோனசேரா’ சொல்லவேண்டும். மதியமானால் ‘புவோன்ஜோர்னோ’. இதைச் சொல்லாமல் நேரே போய் ஒரு காலி மேஜையில் உட்காருவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. நம் மெஸ்ஸில் இடம் பிடிக்கும் பழக்கம் அப்படியே வந்துவிடுகிறது. அங்கே நின்று கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லி, ‘சியாமோ இன் தூவே’, இரண்டு பேர், என்று விரலையும் காட்டினால் போதும். அவர்களே அழைத்துப்போய் உட்காரவைப்பார்கள்.

உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடை வரும். கேட்கவில்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். ‘கொப்பெர்ட்டோ’ என்று ஆளுக்கு 2 அல்லது 3 யூரோ பில்லில் வரும், அதில் ரொட்டியும் மேஜை விரிப்பும் அடக்கம். இது ஏமாற்று இல்லை, பட்டியலின் அடியில் எழுதியிருப்பார்கள். ரோம் நகரம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006-இல் சட்டம் போட்டு கொப்பெர்ட்டோவைத் தடை செய்தார்கள்; அங்கே ரொட்டிக்கு மட்டும் தனியாக வாங்கலாம். டஸ்கனியில் அந்தத் தடை இல்லை.

அப்புறம், டஸ்கனி ரொட்டியைக் கடித்ததும் ‘உப்பு மறந்துவிட்டார்களா’ என்று தோன்றும். மறக்கவில்லை. உப்பில்லாமல்தான் சுடுவார்கள். ஏன் என்று கேட்டால் பழைய உப்பு வரியில் தொடங்கி ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள். காரணம் எதுவானாலும், கூடவே வரும் பன்றி இறைச்சித் துண்டுகளும் பாலாடைக்கட்டியும் அநியாய உப்பு. சாதத்தில் உப்பு போடாமல் குழம்பில் போடுகிறோமே, அந்தக் கணக்குதான். வெறும் ரொட்டியைச் சாப்பிட்டு முகம் சுளிக்காமல், சாறோடு தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலின் வரிசை

நம் பந்தியில் சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை இருக்கிறது. இலையில் உட்கார்ந்ததும் மோர் கேட்டால் பரிமாறுபவர் ஒரு நிமிடம் திகைப்பார். இவர்களுக்கும் அதே மாதிரி வரிசை உண்டு. முதலில் ‘ஆன்டிபாஸ்டோ’, கொறிக்க. அடுத்து ‘ப்ரீமோ’: பாஸ்தா, சூப், ரிசோட்டோ என்ற அரிசிச் சமையல். பிறகு ‘செகோன்டோ’: இறைச்சி அல்லது மீன். அதற்குத் துணையாக ‘கொன்டோர்னோ’: காய், கீரை, பீன்ஸ். கடைசியில் ‘டோல்ச்சே’, இனிப்பு.

இதில் மூன்று விஷயங்கள் நமக்குப் பிடிபட நேரமாகும். ஒன்று, செகோன்டோ தனியாகத்தான் வரும். இறைச்சி கேட்டால் தட்டில் இறைச்சி மட்டும். காய் வேண்டுமென்றால் கொன்டோர்னோவில் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு, பாஸ்தா எதற்கும் தொட்டுக்கை இல்லை, அது தனி ஆள். கோழியையும் பாஸ்தாவையும் ஒரே தட்டில் கேட்டால் கொண்டுவர மனம் வராது. மூன்று, எல்லாவற்றையும் கேட்கவேண்டிய கட்டாயமே இல்லை. முதல் பயணத்தில் மரியாதைக்காக ஐந்து வரிசையும் சொல்லிவிட்டு, மூன்றாவதில் மூச்சு வாங்கினோம். இப்போது எங்கள் கணக்கு: இருவருக்கு ஒரு ஆன்டிபாஸ்டோவைப் பகிர்வது, ஆளுக்கு ஒரு ப்ரீமோ, நடுவில் ஒரு கொன்டோர்னோ. இடமிருந்தால் இனிப்பு. ஒரே ஒரு பொருளை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் மேஜையை அடைப்பதுதான் பார்க்க நன்றாக இருக்காது.

விலையைப் பொறுத்தவரை, சாதாரண கிராமத்து இடத்தில் ப்ரீமோ சுமார் 10 முதல் 15 யூரோ, செகோன்டோ 15 முதல் 22 வரை என்று வைத்துக்கொள்ளலாம். வேலை நாள் மதியத்தில் ‘ப்ரான்சோ தி லவோரோ’ என்ற ஒரே விலைச் சாப்பாடு இருந்தால் விடவே விடாதீர்கள்: ஒரு ப்ரீமோ, ஒரு செகோன்டோ, தண்ணீர், சில இடங்களில் ஒயினும் சேர்த்து. உள்ளூர்த் தொழிலாளிக்கான சமையல் என்பதால் அதில் பம்மாத்து இருக்காது.

சின்ன எழுத்துகளையும் கவனியுங்கள். ஓர் உணவின் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைந்த பொருளில் செய்தது. விலைக்குப் பக்கத்தில் ‘எட்டோ’ என்று இருந்தால் 100 கிராமுக்கான விலை. ஃப்ளோரன்ஸின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி ‘பிஸ்டெக்கா’ இப்படித்தான் எடை போட்டு விற்கப்படும்; ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு மேல் வரும். 6 யூரோ என்று படித்து மகிழ்ந்தவர் 75 யூரோ பில்லைப் பார்த்துத் தலையில் கை வைப்பது நடக்கிற கதை. வெட்டுவதற்கு முன் துண்டைக் காட்டி எடையைச் சொல்வார்கள், அப்போதே விலையைக் கேட்டுக்கொள்ளலாம். அதைப் பாதி வேகாமல், உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். நன்றாக வேகவையுங்கள் என்று கேட்டால் சிலர் முகத்துக்கு நேரே மறுத்துவிடுவார்கள். பச்சையாக ஒத்துவராது என்றால் அதைச் சொல்லவே வேண்டாம், வேறு எத்தனையோ இருக்கிறது.

வெள்ளை ட்ரஃபிள் காளானும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் சான் மினியாட்டோ பக்கம் அது விசேஷம். பாஸ்தா மேல் சீவிப் போடட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தலையாட்டுவதற்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள்.

என்ன கேட்பது

பட்டியலைப் பார்த்துக் குழம்பினால் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: ‘கோஸா ச்சே தி புவோனோ ஓஜ்ஜி?’ இன்று எது நன்றாக இருக்கிறது? உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இதைக் கேட்ட நொடியில் பரிமாறுபவரின் முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலர் உள்ளே போய்ச் சமைப்பவரையே கூட்டிவந்துவிடுவார்கள்.

டஸ்கனியின் உண்மையான கைவண்ணம் இறைச்சியில் இல்லை என்பது என் கட்சி. பழைய ரொட்டியில் இருக்கிறது. உப்பில்லாத ரொட்டி காய்ந்து கல்லாகும். ஏழை வீடுகளில் அதை வீணாக்காமல் என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்து யோசித்து ஒரு சமையலையே உண்டாக்கிவிட்டார்கள்.

‘ரிபொல்லீட்டா’ என்றால் திரும்பக் கொதிக்கவைத்தது. கருங்கீரை என்று சொல்லத்தக்க ‘காவொலோ நேரோ’, வெள்ளை பீன்ஸ், கேரட், வெங்காயம் போட்டு ஒரு சூப். அதில் பழைய ரொட்டியைப் போட்டு, மறுநாள் மீண்டும் கொதிக்கவைத்தால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகும். நம் சுண்டக்குழம்பு இரண்டாம் நாளில் ருசி கூடுவதுபோல், இதுவும் மறுநாள்தான் நன்றாக இருக்கும். குளிர்கால உணவு. பனி பட்டால் அந்தக் கீரை இனிக்கும் என்பார்கள். ஜூலை மாதத்தில் பட்டியலில் ரிபொல்லீட்டா இருந்தால் அது சுற்றுலாப் பயணிக்காக வைத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கோடையில் கேட்கவேண்டியது ‘பன்ட்சனெல்லா’. நனைத்துப் பிழிந்த ரொட்டி, தக்காளி, வெங்காயம், வெள்ளரி, துளசி மாதிரியான பேசில் இலை, வினிகர், ஆலிவ் எண்ணெய். அடுப்பே வேண்டாம். இன்னொன்று ‘பாப்பா அல் பொமொடோரோ’: தக்காளியில் ரொட்டி கரைந்து கூழாகிவிடும். பார்க்கக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் இருக்கும், ருசி அப்படியில்லை. நவம்பரில் போனால் அந்த வருடத்துப் புது ஆலிவ் எண்ணெய் இறங்கியிருக்கும், பச்சை நிறத்தில், தொண்டையில் மிளகு மாதிரி காரம் பிடிக்கும். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அந்த எண்ணெயை ஊற்றினால் ‘ஃபெட்டுன்டா’. எனக்கு இதற்கு ஈடான ஆன்டிபாஸ்டோ இல்லை.

சியேனா நகரத்துக்குத் தெற்கே போனால் ‘பீச்சி’ கேளுங்கள். மாவை உள்ளங்கையால் உருட்டி உருட்டி இழுத்த தடித்த நூல். கடையில் பாக்கெட்டில் வாங்கும் ஸ்பகெட்டி இதன் முன் நூலாம்படை. வால்திகியானா பள்ளத்தாக்கில் ‘அல்யோனே’ என்று ஒரு பெரிய பூண்டு வகை உண்டு, வாசம் மென்மையானது. அதையும் தக்காளியையும் சேர்த்த பீச்சி அல்யோனே, பூண்டுக்குழம்பு பிடித்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் ஆறுதல். வறுத்த ரொட்டித்தூள் தூவிய பீச்சியும் நன்றாக இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இத்தாலிய உணவு என்று பழகிய பலதும் அங்கே இல்லை. ஸ்பகெட்டி போலோனேஸ், கார்லிக் பிரெட், ஆல்ஃப்ரெடோ என்று தேடவேண்டாம். ‘பெப்பெரோனி’ கேட்டால் குடைமிளகாய் வரும். ‘லாத்தே’ கேட்டால் ஒரு டம்ளர் பால் வரும்.

சைவர்களும், மாடு, பன்றி சாப்பிடாதவர்களும்

என் மனைவி சைவம், முட்டையும் தொடமாட்டார். டஸ்கனி என்றதும் வேட்டையும் இறைச்சியும்தானே என்று பயந்துதான் போனோம். மேலே சொன்ன ஏழை வீட்டுச் சமையல்தான் அவரைக் காப்பாற்றியது. ஆனால் ‘சைவம்’ என்ற சொல்லை அவர்கள் புரிந்துகொள்ளும் விதம் வேறு. கண்ணுக்குத் தெரியும் துண்டு இல்லை என்றால் சைவம் என்று மனசாரச் சொல்வார்கள்.

அதனால் கேள்வியைக் குறிப்பாகக் கேட்கவேண்டும். ‘சோனோ வெஜெட்டாரியானா’ (ஆணானால் ‘வெஜெட்டாரியானோ’) என்று தொடங்கி, ‘நெல் ப்ரோடோ ச்சே கார்னே?’ சாறில் இறைச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். ரிபொல்லீட்டாவில் சில வீடுகளில் பன்றி எலும்போ கொழுப்போ போடுவார்கள், பீன்ஸிலும் அப்படியே. ‘க்ரொஸ்டீனி’ என்ற ரொட்டித் துண்டுகளில் பழுப்பாகப் பூசியிருப்பது கோழி ஈரல். மெல்லிய வெள்ளைத் தகடாகச் சீஸ் போலப் படுத்திருப்பது ‘லார்டோ’, பன்றிக் கொழுப்பு. ரொட்டித்தூள் பீச்சியில் நெத்திலி மாதிரியான மீன் கரைந்திருக்கலாம். ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா பேஷே’: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனென்றால் மீன் அவர்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பீச்சி பெரும்பாலும் மாவும் தண்ணீரும் மட்டும்தான், உலர்ந்த பாஸ்தாவிலும் பொதுவாக முட்டை இல்லை. தாள்யாத்தெல்லே, பப்பார்தெல்லே, ராவியோலி போன்ற புதுப் பாஸ்தாக்களில் முட்டை இருக்கும். கேட்க ‘சென்ட்சா உவோவா’. இனிப்பில் திராமிசூவில் முட்டை, பன்னா கோட்டாவில் ஜெலட்டின். இலையுதிர் காலமானால் ‘காஸ்தன்யாச்சோ’ இருக்கிறதா என்று பாருங்கள். கஷ்கொட்டை (செஸ்ட்நட்) மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பைன் கொட்டை, ரோஸ்மேரி. முட்டையும் இல்லை, பாலும் இல்லை. அதிகம் இனிக்காது என்று மட்டும் எச்சரிக்கிறேன்.

சீஸ் விஷயம் அவரவர் முடிவு. பார்மிஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையைத்தான் பயன்படுத்தவேண்டும் என்பது அதன் விதி. அதை ஏற்காதவர்கள், தாவர உறை இட்ட பெக்கொரீனோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ் உண்டா என்று கேட்கலாம்: ‘கால்யோ வெஜெடாலே’. டஸ்கனியில் சிலர் முட்செடிப் பூவை உறையாக இட்டுச் செய்கிறார்கள்.

மாட்டிறைச்சியோ பன்றியோ தவிர்ப்பவர்கள், ‘ராகு’, அதாவது இறைச்சிக் குழம்பு, என்று வரும் எதையும் விசாரிக்காமல் சொல்லாதீர்கள். பெரும்பாலும் இரண்டும் கலந்தது, ஒயினும் ஊற்றியிருப்பார்கள். ‘சிங்க்யாலே’ காட்டுப்பன்றி. ‘கொனீல்யோ’ முயல். ‘அன்யெல்லோ’ ஆட்டுக்குட்டி. கோழி கிராமத்துப் பட்டியலில் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது.

ஒவ்வாமை இருப்பவர்கள் தயங்கவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 14 வகைப் பொருள்களைப் பற்றி உணவகம் தகவல் சொல்லியாகவேண்டும். கேட்டால் அட்டவணையை எடுத்துக் காட்டுவார்கள்.

தண்ணீரும் ஒயினும்

தண்ணீர் பாட்டிலில், காசுக்கு. ‘நத்துராலே’ சாதா, ‘ஃப்ரிசான்டே’ நுரைக்கும் தண்ணீர். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் மேஜையில் அதைக் கேட்பது அங்கே வழக்கமில்லை. ஒயின் குடிப்பவர்களுக்கு வீட்டு ஒயின் போதும்: ‘வீனோ தெல்லா காஸா’, கால், அரை, ஒரு லிட்டர் என்று ஜாடியில் வரும். ஃப்ளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே இருக்கும் கியான்டி பகுதியின் எல்லையை 1716-இலேயே ஆணை போட்டு வரையறுத்தார்கள். கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை உள்ள பாட்டில் அங்கிருந்து வருவது. குடிக்காதவர்களை யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

சாப்பிடும்போது

ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்டவேண்டாம், முள்கரண்டியில் இரண்டு மூன்று இழையை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் சுற்றுங்கள். நிறைய எடுத்தால் பந்தாகிவிடும். மீன் போட்ட பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்கவேண்டாம். பாஸ்தா நடுவில் லேசாகக் கடிபடும், அது வேகாதது இல்லை.

காரம் இல்லாமல் நாக்கு செத்துவிட்டதா? ‘பெப்பெரொன்சீனோ’ என்று கேட்டால் மிளகாய்த்தூளோ மிளகாய் ஊறிய எண்ணெயோ தருவார்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பையில் இருக்கும் ஆவக்காய் பாட்டிலை மட்டும் மேஜையில் எடுத்து வைக்காதீர்கள். ஒரு முறை எங்களோடு வந்த நண்பர் எடுத்தார். பரிமாறிய பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மேஜைக்கு அவர் பேரன்தான் வந்தான்.

தட்டில் மிச்சமிருக்கும் சாறை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதற்கு ‘ஸ்கார்பெட்டா’ என்று பெயர், ‘சின்னச் செருப்பு’ என்று அர்த்தம். பெரிய உணவகங்களில் நாகரிகமில்லை என்பார்கள். கிராமத்து மேஜையில் சமைத்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இலையில் ரசத்தை வழித்துச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. உப்பில்லாத ரொட்டி ஏன் என்று அப்போதுதான் புரியும்.

காபி, பில், புறப்பாடு

இனிப்புக்கு ‘கான்டூச்சி’ வந்தால், பாதாம் போட்ட கல் போன்ற பிஸ்கட், பல்லால் கடிக்காதீர்கள். கூட வரும் ‘வின் சான்டோ’ என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். குடிக்காதவர்கள் காபியில் தோய்த்துக்கொள்ளலாம்.

காபி இனிப்போடு வராது, முடிந்த பிறகுதான். ‘உன் கஃப்பே’ என்றால் ஒரு வாய் எஸ்பிரெஸோ. கப்புச்சீனோ அவர்களுக்குக் காலைப் பானம். இவ்வளவு சாப்பிட்ட வயிற்றில் பாலா என்று வருந்துவார்கள். கேட்டால் கிடைக்கும், தடை ஒன்றுமில்லை. ராத்திரி காபிக்குப் பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் ‘மக்கியாட்டோ’ சொல்லலாம், ஒரு சொட்டுப் பாலோடு வரும், யார் மனமும் புண்படாது.

பில் தானாக வராது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் பில்லை நீட்டுவது விரட்டுவதுபோல் ஆகும் என்று நினைக்கிறார்கள். ‘இல் கோன்ட்டோ, பெர் ஃபவோரே’ என்று கேட்கவேண்டும். சின்ன இடங்களில் நீங்களே எழுந்து கல்லாவுக்குப் போய்க் கட்டுவதும் உண்டு. கார்டு வாங்க மறுத்தால் அபராதம் என்ற விதி 2022 ஜூன் 30 முதல் இருக்கிறது, ஆனாலும் மலையூரில் மெஷினுக்குச் சிக்னல் கிடைக்காத இரவுகள் உண்டு. கையில் 50 யூரோ பணமாக வைத்திருங்கள்.

பில்லில் பார்க்கவேண்டியது: கொப்பெர்ட்டோ எத்தனை பேருக்கு, கேட்காத எதாவது சேர்ந்திருக்கிறதா, ‘செர்வீட்சியோ’ (சேவைக் கட்டணம்) என்று சதவீதம் போட்டிருக்கிறார்களா. வரி விலையிலேயே அடக்கம், தனியாக வராது. ஒரு சுற்றுலா ஊரில் நாங்கள் தொடவே தொடாத ஆலிவ் தட்டு ஒன்று பில்லில் ஏறியிருந்தது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் அடித்துவிட்டார்கள். அதனால் கூச்சப்படாமல் படியுங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, திருப்தியாக இருந்தால் சில்லறையை, அல்லது ஆளுக்கு ஒரு யூரோ வீதம், மேஜையில் விட்டு வரலாம். ‘ஸ்கொன்ட்ரீனோ’ என்ற ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிய பிறகு சில இடங்களில் ஒரு பாட்டிலையும் குட்டிக் கண்ணாடிகளையும் மேஜையில் வைப்பார்கள். கசப்பான ‘அமாரோ’, அல்லது எலுமிச்சை வாசம் வீசும் லிமொன்செல்லோ, செரிமானத்துக்கு என்று. கேட்காமல் வந்தால் அதற்குப் பெரும்பாலும் காசு இல்லை. ஆனால் வண்டி ஓட்டுபவர் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும்: அங்கே வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குச் சொட்டுக்கூடக் கூடாது. ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் காட்டி ‘தேவோ குயிதாரே’ என்றேன் ஒரு முறை. அந்த அம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வரும்போது காகிதத்தில் சுற்றிய நான்கு கான்டூச்சியை என் சட்டைப் பையில் திணித்தார்.